வட்டத்தின் நடுவில் நெல்

1995-இல் ‘கரன்ட் பயாலஜி’ ஆய்விதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: புற்களே, வரிசையாக வந்து வட்டமாக நில்லுங்கள். பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் விசிலடித்துச் சொல்வதுபோல. எழுதியவர்கள் கிரஹாம் மூர், காட்ரியன் டெவோஸ், வாங், மைக் கேல் என்ற நால்வர். வேலை நடந்த இடம் இங்கிலாந்தின் நார்விச்சில் இருக்கும் ஜான் இன்னஸ் மையம். கட்டுரையைவிட அதிலிருந்த படம்தான் புகழ்பெற்றது. ஒன்றுக்குள் ஒன்றாகச் சில வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு பயிரின் ஜீனோம்: நெல், தினை, கரும்பு, சோளம், மக்காச்சோளம், கோதுமை. மையத்திலிருந்து வெளியே ஒரு கோடு இழுத்தால், அது வட்டங்களை வெட்டும் இடங்களில் எல்லாம் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள் ஒரே வரிசையில் இருக்கும்.

இந்தப் படத்தை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அறிவியல் படத்தை எதற்கு இலக்கிய இதழில் விமர்சிக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் படம் ஒரு வாசிப்பு முறையை உருவாக்கியது. எதை முதலில் படிப்பது, எதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எது மையம், எது ஓரம் என்பதையெல்லாம் சத்தமில்லாமல் சொல்லிவிட்டது. நாம் இலக்கியத்தில் வருஷக்கணக்காகப் போடும் சண்டையும் இதுதானே?

1

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் எனக்கு இதில் முதலில் கண்ணில் பட்டது அளவுக் கணக்கு. நெல்லின் ஜீனோமில் சுமார் 38.9 கோடி எழுத்துகள். சோளத்தில் 73 கோடி. மக்காச்சோளத்தில் 230 கோடி. நாம் சப்பாத்தி சுடும் கோதுமையில் 1,500 கோடிக்கும் மேல். மனிதனுக்கே 300 கோடிதான். அப்படியானால் கோதுமை நம்மைவிட ஐந்து மடங்கு சிக்கலான ஜீவனா?

இல்லை. நெல், சோளம், மக்காச்சோளம் மூன்றிலும் மரபணுக்களின் எண்ணிக்கை முப்பதாயிரத்தை ஒட்டியே நிற்கிறது. மீதி எல்லாம் பிரதிகள். ஜீனோமுக்குள்ளேயே தன்னைத்தானே நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும் துண்டுகள் உண்டு. பார்பரா மெக்லின்டாக் 1940-களில் மக்காச்சோளத்தில் இவற்றைக் கண்டுபிடித்தார். உலகம் அதை முழுசாக ஒப்புக்கொண்டு நோபல் பரிசு கொடுக்க 1983 ஆனது. மக்காச்சோள ஜீனோமில் ஏறக்குறைய 85 சதவீதம் இந்தச் சரக்குதான். குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரே குட்மார்னிங் படம் நூறு தடவை ஃபார்வர்டு ஆகிக் கிடப்பதுபோல. நடுவில் எங்கேயோ அத்தை மகள் கல்யாணத் தேதி இருக்கும். தேடித்தான் எடுக்க வேண்டும். கோதுமையின் கதை இன்னும் கொஞ்சம் வேறு. மூன்று வெவ்வேறு புற்களின் ஜீனோம்கள் ஒரே செடிக்குள் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. ஒவ்வொன்றிலும் 7 என்று மொத்தம் 21 ஜோடி குரோமோசோம்கள்.

1995-இன் படம் சொன்னது என்னவென்றால், இந்தக் குப்பையையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அடியில் ஒரே வாக்கியம் ஓடுகிறது. பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆன பிறகும் மரபணுக்கள் நின்ற வரிசை பெரிய அளவில் குலையவில்லை. மனதை அசைக்கும் கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை.

2

உறவை எப்படி நிரூபிக்கிறார்கள் என்பது அதைவிட அழகானது. சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். இரண்டு ஏடுகளில் சரியான பாடம் ஒன்றாக இருந்தால் அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. சரியானது எங்கும் சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரே விசித்திரமான பிழை இரண்டிலும் இருந்தால் அவை ஒரே தாய்ச்சுவடியின் பிள்ளைகள். உறவுக்குச் சாட்சி சொல்வது பிழைதான்.

புற்களிலும் அதே கதை. நெல்லுக்கு 12 ஜோடி குரோமோசோம்கள், சோளத்துக்கு 10. எங்கே போயின இரண்டு? தொலையவில்லை. நெல்லின் 10-ஆவது குரோமோசோமுக்கு இணையானது 3-ஆவதின் நடுவே அப்படியே நுழைந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து சோளத்தின் முதல் குரோமோசோம். அதேபோல 9-க்கு இணையானது 7-க்குள் நுழைந்து சோளத்தின் இரண்டாவது. ஏடு கட்டும்போது ஒரு கட்டுக்குள் இன்னொரு கட்டைச் செருகிவிட்ட மாதிரி. தினையைத் திறந்து பார்த்தால் அதிலும் இதே இரண்டு செருகல்கள். கூடவே இன்னொரு சேர்க்கையும் நடந்து 9 ஆகியிருக்கிறது. ஆக, சோளமும் தினையும் நெல்லைவிட ஒன்றுக்கொன்று நெருக்கம்.

இந்த வெளிச்சத்தில் நம் பெயர்களைச் சோதித்துப் பார்க்கலாம். வரகு, கேழ்வரகு, பனிவரகு. பெயரைக் கேட்டால் கூடப் பிறந்தவர்கள் என்று தோன்றும். மரபியல் ஒப்புக்கொள்ளாது. கேழ்வரகு தனிக் கிளை; வரகும் பனிவரகும் ஒரே பெருங்கிளையில் இருந்தாலும் வேறு வேறு கொம்புகள். சோளமும் மக்காச்சோளமுமோ நிஜமாகவே பங்காளிகள். கடல் தாண்டி வந்த ஒரு பயிரைப் பார்த்து அதற்குச் ‘சோளம்’ என்ற பின்னொட்டைக் கொடுத்த யாரோ ஒரு விவசாயியின் கண் சரியாக இருந்திருக்கிறது.

இன்னொன்று. நெல்லும் கோதுமையும் பார்லியும் மூங்கிலும் புல் குடும்பத்தின் ஒரு பக்கம். சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு எல்லாம் கரும்போடும் மக்காச்சோளத்தோடும் மறுபக்கம். ‘நெல் – சிறுதானியம்’ என்று நாம் சந்தையில் பிரிக்கிற கோடு, சொல்லப்போனால், மனிதனே இல்லாத காலத்தில் புற்கள் பிரிந்த கோட்டின் மேலேயே விழுகிறது. தொல்காப்பிய மரபியல் வெளியே வைரம் பாய்ந்ததைப் புல் என்றும் உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் வகுக்கிறது. அந்தக் கணக்கில் மூங்கில் புல்தான். இன்றைய கணக்கிலும் அப்படித்தான்.

3

இந்த ஒப்பீட்டுக்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்கதை உண்டு. கோயம்புத்தூரில் 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. 1930-களில் அங்கே டி.எஸ். வெங்கடராமன் கரும்பைச் சோளத்தோடு கலந்து பார்த்தார். ஜானகி அம்மாள் கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்து, பிறந்த செடிகளின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணினார். எழுத்தைப் படிக்கும் கருவி இல்லாத காலம். யார் யாரோடு கூடுகிறார்கள், பிள்ளை பிழைக்கிறதா, அதற்கு எத்தனை குரோமோசோம் என்பதை வைத்து உறவை அளந்தார்கள். 1945-இல் ஜானகி அம்மாளும் டார்லிங்டனும் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து வெளியிட்ட நூல் வட்டப்படத்தின் பாட்டி என்றே சொல்லலாம். வட்டப்படத்தில் இருக்கிற மையம் அதில் இல்லை. எல்லாப் பயிருக்கும் ஒரே மாதிரி ஒரு பதிவு, ஒரு எண். பாட்டியிடம் கற்றுக்கொள்ளத்தக்கது அது.

வட்டப்படத்தின் பெருமையையும் முழுசாகச் சொல்லிவிட வேண்டும். காட்டுப்புல் விதை முற்றியதும் உதிரும். உதிர்ந்தால்தான் பரவும். விவசாயிக்கு அது நஷ்டம். கதிரிலேயே நிற்கிற மணிதான் அவனுக்கு வேண்டும். ஆப்பிரிக்காவில் சோளம் விதைத்தவர்களும், ஆசியாவில் நெல் விதைத்தவர்களும், அமெரிக்காவில் மக்காச்சோளம் விதைத்தவர்களும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. சோளத்தில் உதிர்வைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவைப் பற்றி 2012-இல் ஆய்வு ஒன்று வந்தது. நெல்லிலும் மக்காச்சோளத்திலும் அதே மரபணுவின் இணைகளில் மாற்றங்கள் நடந்திருந்தன. சோளத்திலேயே மூன்று தடவை தனித்தனியாக. மூன்று கண்டங்களின் கைகள் ஒரே எழுத்தைத் திருத்தியிருக்கின்றன. ஒப்பீடு இல்லாவிட்டால் இது நமக்குத் தெரியவே வந்திருக்காது.

ஆனால் பார்லி மட்டும் ஒத்துவராது. அதில் உதிர்வை நிறுத்தியது வேறு மரபணுக்கள். இந்த ‘ஆனால்’ முக்கியம்.

4

கொடும்பாளூருக்குப் போவோம். திருச்சியிலிருந்து மதுரை போகும் நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டினால் வரும். இருக்குவேளிர்களின் தலைநகர். சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே மூவர் கோயில். பூதி விக்கிரமகேசரி தன் பெயரில் ஒன்றும், கற்றளி, வரகுணை என்ற தன் இரு தேவியர் பெயரில் ஒவ்வொன்றுமாக எழுப்பிய மூன்று கோயில்கள், மேற்கு பார்த்து ஒரே வரிசையில். இன்று நடுக்கோயிலும் தென்கோயிலும் நிற்கின்றன. வடகோயிலுக்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம்.

அங்கே போகிற எல்லோரும் செய்கிற ஒன்றுண்டு. இரண்டு கோயில்களையும் பார்த்துவிட்டு, வெறும் அடித்தளத்தின் மேல் மூன்றாவதை மனதில் கட்டிவிடுவோம். அப்படிக் கட்டுவது நியாயமும்கூட. ஒரே காலம், ஒரே திட்டம், ஒரே கை. ஒப்பீட்டு மரபியல் செய்வதும் இதேதான். நெல்லையும் சோளத்தையும் தினையையும் வைத்துக்கொண்டு, இன்று எங்குமே இல்லாத ஒரு மூதாதைப் புல்லின் குரோமோசோம்களைக் கட்டி எழுப்புகிறார்கள். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் ஜீனோம் முழுவதும் ஒருமுறை இரட்டித்தது என்பதுகூட இப்படிக் கட்டி எழுப்பித் தெரிந்துகொண்டதுதான்.

காலக்கணக்குச் சிக்கலும் ஒன்றுபோலவே இருக்கிறது. கோயிலின் வடமொழிக் கல்வெட்டு வேளிர் வம்சத்தை வரிசையாகச் சொல்கிறது. பரதுர்க்கமர்த்தனன், சமராபிராமன், பூதி. ஆனால் அதில் ஆண்டு இல்லை. அதனால் கோயிலை 9-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு, 10-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வைப்பவர்களும் உண்டு. வம்ச வரிசை உள்ளே இருக்கிறது. தேதி வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஜீனோமும் அப்படித்தான். யாருக்குப் பிறகு யார் என்று சொல்லும். எப்போது என்று தானாகச் சொல்லாது. நெல்லும் சோளமும் பிரிந்து சுமார் 5 கோடி ஆண்டு என்று கணக்கு வைத்திருந்தார்கள். 2005-இல் வந்தனா பிரசாத் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த டைனோசர் சாணப் புதைபடிவங்களில் புல்லின் சிலிக்கா துகள்களைக் காட்டினார்கள். 6.5 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே புற்கள் பல வகையாகப் பிரிந்திருந்தன. 2011-இல் அவற்றில் நெல்லின் கூட்டத்துக்கே உரிய தடயங்கள் இருப்பதாகவும் எழுதினார்கள். ஒரு பிடி சாணம் கடிகாரத்தையே சந்தேகிக்க வைத்துவிட்டது.

சரி, மூன்றாவது கோயிலுக்கு வருவோம். நாம் மனதில் கட்டும் கோயிலில் ஒரு குறை உண்டு. மற்ற இரண்டுக்கும் பொதுவானது மட்டுமே அதில் இருக்கும். வடகோயிலின் சுவரில் மற்ற இரண்டிலும் இல்லாத ஒரு சிற்பம் இருந்திருந்தால்? சிற்பி அங்கே மட்டும் ஏதோ ஒரு விளையாட்டுச் செய்து பார்த்திருந்தால்? அதை எந்த ஒப்பீட்டாலும் மீட்க முடியாது. ஒப்பீடு பொதுவானதைத்தான் திருப்பித் தரும். தனக்கென்று இருந்தது இடிந்தால் இடிந்ததுதான்.

வட்டப்படத்தின் மேல் எனக்கு உள்ள விமர்சனமும் இதுதான். கோடு எங்கே எல்லா வட்டங்களையும் ஒரே மாதிரி வெட்டுகிறதோ, அந்த இடங்கள் மட்டுமே படத்தில் தெரியும்.

5

நெல் ஏன் நடுவில்? அதன் ஜீனோம் சின்னது. படிக்கச் செலவு குறைவு. நியாயமான பொறியியல் முடிவு, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். குரோமோசோம் அமைப்பில் நெல் பழைய ஒழுங்கை நிறையக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் படத்தில் நடுவில் இருப்பதைப் பார்க்கிற கண் அதை ஊற்று என்று எடுத்துக்கொள்கிறது. நெல் இந்தப் புற்களுக்குத் தாய் இல்லை. ஒரு சகோதரி. வீட்டில் அதிகம் சாமான் சேர்க்காத சகோதரி, அவ்வளவுதான்.

அந்த நெல்லும் எந்த நெல்? 2005-இல் உலக நாடுகள் சேர்ந்து படித்து முடித்தது நிப்பொன்பாரே என்ற ஜப்பானிய ரகம். 11-ஆவது குரோமோசோமில் இந்தியக் குழுவின் உழைப்பும் இருந்தது. உலகத்துக்கெல்லாம் அதுவே மூலப்பாடம் ஆனது. 2006-இல், பயிர் இரண்டு வாரம் வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்க வைக்கும் சப்-1ஏ என்ற மரபணுவைப் பற்றிய ஆய்வு வந்தது. அது கிடைத்தது எஃப்.ஆர். 13ஏ என்ற ஒடிசா நெல்லில். நிப்பொன்பாரேயில் அந்த மரபணுவே கிடையாது. 2012-இல், பாஸ்பரஸ் குறைந்த மண்ணிலும் வேரை வளர்க்க உதவும் இன்னொரு மரபணு, துணைக்கண்டத்தின் நாட்டு ரகமான கசலத்தில் கிடைத்தது. அதுவும் நிப்பொன்பாரேயில் இல்லை. மூலப்பாடத்தை மட்டும் ஆயிரம் தடவை படித்திருந்தாலும் இரண்டும் கிடைத்திருக்காது. வெள்ளம் வந்த ஊரிலும் மண் செத்த ஊரிலும் யாரோ விதை எடுத்து வைத்திருந்ததால் கிடைத்தன. காவிரிப் படுகையில் பயிராகும் சி.ஆர். 1009 சப்-1 நெல் அந்த ஒடிசா எழுத்தைச் சுமந்துகொண்டுதான் நிற்கிறது.

நெல்லுக்குள்ளேயே இப்படி என்றால் மற்றவற்றுக்கு? தினைக்கு 2012 வரை, கம்புக்கு 2017 வரை ஆனது. கம்பின் வாசிப்பை முன்னின்று நடத்தியது ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட். கம்பின் குரோமோசோம்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் கலைந்து அடுக்கப்பட்டவை. வட்டத்தில் ஒழுங்காக நிற்க மறுக்கும் பிள்ளை. கேழ்வரகின் முதல் வரைவு 2017-இல் பெங்களூருவிலிருந்து வந்தது. குரோமோசோம் குரோமோசோமாகக் கோத்த பதிப்பு 2023-இல்தான். நெல்லுக்குப் பதினெட்டு வருஷம் கழித்து.

அந்த 2023 கட்டுரையின் முதல் பெயர் யாருடையது தெரியுமா? காட்ரியன் டெவோஸ். 1995-இல் வட்டம் வரைந்த நால்வரில் ஒருவர். இடையில் 2005-இல் அந்த வட்டத்தைத் திருத்திப் பார்க்க வேண்டும் என்று தனியாக ஒரு கட்டுரையும் எழுதினார். பெரிய அளவில் வரிசை ஒன்றுபோலத் தெரிந்தாலும் நெருங்கிப் பார்த்தால் மரபணுக்கள் இடம் மாறியும் இரட்டித்தும் காணாமல் போயும் இருக்கின்றன என்பது அதன் சாரம். தன் புகழ்பெற்ற படத்தைத் தானே கேள்வி கேட்டு, பிறகு ஓரத்தில் நின்ற பயிரைப் படிக்கப் போகிறவர்கள் குறைவு. நம் விமர்சகர்களில் எத்தனை பேர் தாங்கள் போட்ட பட்டியலை இப்படித் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்?

6

எதிர்ப்பக்கத்தையும் விடக்கூடாது. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து வரகையும் சாமையையும் பற்றி ஒரு பக்திப் பெருக்கு ஓடுகிறது. ‘நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை’ வகை. அதுவும் ஒரு மையத்தைத்தான் கட்டுகிறது. நெல்லை எடுத்துவிட்டு வரகை வைக்கிறது. எல்லாச் சிறுதானியத்தையும் ஒரே கூடையில் போட்டு ஒரே குணம் சொல்கிறது. கேழ்வரகும் வரகும் தனித்தனிக் கிளை என்று மேலே பார்த்தோம். இரண்டையும் ஒன்றாகப் புகழ்வது, படித்துப் பார்க்காமல் அணிந்துரை எழுதுகிற மாதிரி.

வேறு எப்படி வரைவது? சிலப்பதிகாரத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. மாங்காட்டு மறையவன் கோவலனுக்கு மதுரைக்கு வழி சொல்லும் இடம். கொடும்பையின் குளக்கரையில் பாதை சூலம்போல மூன்றாகப் பிரியும் என்கிறான். அந்தக் கொடும்பைதான் கொடும்பாளூர் என்பார்கள். ஒரு வழி சிறுமலைப் பக்கம், ஒரு வழி அழகர்மலைப் பக்கம், ஒன்று நடுவே. ஒவ்வொன்றிலும் என்ன விளைந்திருக்கும், என்ன ஆபத்து என்று தனித்தனியாகச் சொல்கிறான். மூன்றும் மதுரையில் போய்ச் சேரும். புற்களின் கதைக்கு வட்டத்தைவிட இது பொருத்தமாக இருக்கிறது. பிரிந்தவை மறுபடி சேர்வதும் அங்கே உண்டு: கோதுமையில் மூன்று வழிகள் கூடின, கேழ்வரகில் இரண்டு. அதைவிட முக்கியம், அந்த மறையவன் ஒரு வழியைச் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் அதை வைத்து ஊகித்துக்கொள் என்று சொல்லவில்லை.

இப்போது ஆய்வாளர்கள் ஒரே மூலப்பாடத்தை விட்டுவிட்டு ஒரு பயிரின் பல ரகங்களைச் சேர்த்தே படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். 3,010 நெல் ரகங்களை ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் வந்தது. நிப்பொன்பாரேயில் இல்லாத ஆயிரக்கணக்கான மரபணுக்கள் அதில் வெளிப்பட்டன. நல்லது. ஆனால் படிப்பதற்கு ரகம் இருக்க வேண்டும். கொடும்பாளூரைச் சுற்றிய மாதிரி மழையை நம்பிய மண்ணில், ஒவ்வொரு ஊரும் தனக்கென்று தேர்ந்தெடுத்து வைத்த விதை, ஒரு குதிர் காலியானதும் முடிந்துபோகும். அதன் பொதுவான பக்கங்களை நெல்லையும் தினையையும் வைத்து நாளைக்கு யாராவது ஊகித்துவிடலாம். அந்த ஊர் மழைக்கும் அந்த ஊர் மண்ணுக்கும் அது தனியாக எழுதிக்கொண்ட பக்கத்தை எந்தச் சகோதரியும் எழுதித் தர மாட்டாள்.

ஆகவே யாராவது ‘இந்தப் பயிரின் ஜீனோமைப் படித்து முடித்துவிட்டார்கள்’ என்று சொன்னால், சந்தோஷப்பட்டுவிட்டு ஒரு கேள்வியும் கேளுங்கள்: எந்த ஊர் விதை?